புலி குடிபுகும் விதம்

கொல்கத்தாவில் வாழும் நேயர் ஒருவர் சென்ற திங்கள் நமக்கு எழுதிய மடலில் ஒரு மனக்குறையைத் தெரிவித்திருந்தார். குடும்பத்துடன் பூரிக்குச் சென்று ஜகந்நாதரைத் தரிசித்துவிட்டுத் திரும்பும் வழியில், பிள்ளைகளின் வற்புறுத்தலுக்கு இணங்கிப் புவனேசுவரத்தை அடுத்த நந்தன்கானன் விலங்குக் காட்சிசாலையையும் பார்த்தாராம். நண்பகல் வெயிலில் நடந்து புலி இருக்கும் இடத்தை அடைந்தபோது, புதருக்கு அப்பால் ஒரு வாலின் நுனி மட்டுமே தெரிந்ததாம். "கட்டணம் பெறுகிறவர்கள் புலியைக் கண்ணில் படும்படி வைத்திருக்க வேண்டாமா? அல்லது அந்தப் புலிக்கு உடல்நலம் இல்லையோ?" என்று கேட்கிறார். அவருடைய இளைய மகன் மட்டும், "வாலைப் பார்த்தோமே அப்பா, போதாதா?" என்றானாம்.

அந்தச் சிறுவனின் கட்சியில் நாமும் சேர்ந்துகொள்கிறோம். நண்பகலில் வால் மட்டும் தெரியப் படுத்துக் கிடக்கும் புலி நோயுற்ற புலியாக இருக்க வேண்டுவதில்லை. பெரும்பாலும் அது அவ்விடத்தில் நன்றாகக் குடிபுகுந்துவிட்ட புலியாகவே இருக்கும். புதிய இடத்திற்கு வரும் புலி அவ்விடத்தைத் தன் இடமாக எவ்வாறு ஆக்கிக்கொள்கிறது என்பதை அறிந்தால் இது தெளிவாகும். ஊர் விட்டு ஊர் வந்து குடியிருக்கும் நமக்கு அதில் ஓர் ஈடுபாடு தோன்றுவதும் இயல்பே.

இன்று நம் நாட்டுக் காட்சிசாலைகளில் உள்ள புலிகளுள் பெரும்பாலானவை காட்டையே காணாதவை. ஒரு காட்சிசாலையில் பிறந்து, வேறொரு விலங்குக்கு மாற்றாக மற்றொரு காட்சிசாலைக்கு அனுப்பப்பட்டவையும் அவற்றுள் பல. தாயை இழந்த குட்டிகளும், காயம்பட்டவையும், மனித உயிர்ச்சேதம் விளைவித்தவையுமே காட்டிலிருந்து நேரே வருவன. பயணத்திற்குப் பல நாள் முன்பிருந்தே பயணக் கூண்டைப் புலியின் இருப்பிட வாயிலோடு சேர்த்து வைத்து, இறைச்சியை அதனுள் இட்டுப் பழக்குவது நல்ல முறை. வந்து சேர்ந்த புலியை உடனே மக்கள் முன் விடுவதும் இல்லை. குறைந்தது 30 நாள் தனியிடத்தில் வைத்து, மலம் முதலியவற்றைச் சோதித்து, தொற்றுநோய் இல்லை என்று தெளிந்த பின்னரே அதன் இருப்பிடத்திற்கு மாற்ற வேண்டும் என்பது விதி. இவ்விதிகளை வகுப்பது 1992ஆம் ஆண்டு அமைக்கப்பெற்ற மத்திய விலங்குக் காட்சிசாலை ஆணையம்.

சில ஆண்டுகளுக்கு முன், வடநாட்டு நகர் ஒன்றின் காட்சிசாலையில் புதிதாக வந்த பெண்புலி ஒன்றைத் திறந்தவெளியில் விட்டபோது, காலைதோறும் சென்று காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. முதல் நாள் இரவுக் கூடத்தின் கதவைத் திறந்து வைத்தும் புலி வரவில்லை. மூக்கு மட்டும் வாயிற்படியில் தோன்றும், பின்வாங்கும். கூடியிருந்தோருள் சிலர் கைதட்டினர். ஒருவர் சீழ்க்கை அடித்தார். காப்பாளர் அவர்களை விலக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். ஒன்றரை மணி நேரம் சென்றபின் அது வெளியே வந்தது. வயிறு தரையில் படும்படி தாழ்ந்து, செவிகளைப் பின்னே மடித்து, சுவரை ஒட்டியே நடந்தது. நடுவெளியின் பக்கம் திரும்பவே இல்லை. கால் சுற்று நடக்கும், ஓடிவந்து கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்கும், மீண்டும் புறப்படும். அன்றிரவு இட்ட இறைச்சியை அது தொடவில்லை என்று மறுநாள் கேள்வியுற்றோம். புது வீட்டில் முதல் இரவு உறக்கம் வராத மனிதர்களையும் நாம் அறிவோம் அல்லவா?

நான்காம் நாள் வேப்பமரம் ஒன்றின் அடியை நெடுநேரம் முகர்ந்தது. முகர்ந்தபின் மேலுதட்டைச் சுருக்கி, நாக்கைத் தொங்கவிட்டு, அரைக்கண் மூடி அசையாமல் நின்றது. "அம்மா, புலி சிரிக்கிறது!" என்றாள் ஒரு சிறுமி. அது சிரிப்பு அன்று. முன்பு அங்கிருந்த புலியின் வாசனையை மேல் அண்ணத்தில் உள்ள தனி உறுப்பு ஒன்றால் ஆராய்கிறது. யார் இருந்தார், ஆணா பெண்ணா, எவ்வளவு காலத்துக்கு முன் என்பனவெல்லாம் அதற்கு அந்த மரத்தடியில் எழுதி வைத்தாற்போல் இருக்கும். இரண்டு நாள் கழித்து அதே மரத்திற்கு முதுகைக் காட்டி நின்று, வாலைச் செங்குத்தாகத் தூக்கி, நீரைப் பீச்சி அடித்தது. காப்பாளரின் முகம் மலர்ந்தது. "இனிமேல் சாப்பிடும்" என்றார். அவர் சொன்னபடியே ஆயிற்று.

இந்த நீரைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தைச் சேர்ந்த ரத்தன்லால் பிரம்மசாரி என்னும் அறிஞர் பல்லாண்டுகள் புலியின் வாசனையையே ஆராய்ந்தார். அவருக்குப் பேருதவியாய் அமைந்தது ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் வளர்ந்த கைரி என்னும் பெண்புலி. 1974ஆம் ஆண்டு கைரி ஆற்றின் அருகே பழங்குடியினர் கண்டெடுத்த குட்டி அது. சிமிலிபால் புலிக் காப்பகத்தின் தலைவராக இருந்த சரோஜ் ராஜ் சௌதுரி அதைத் தம் இல்லத்திலேயே கூண்டில் அடைக்காமல் வளர்த்தார். 1981ஆம் ஆண்டு கைரி இறந்தது. அடுத்த ஆண்டே அவரும் காலமானார். புலி பீச்சும் நீரில் நறுமணம் ஒன்று இருப்பதைக் கண்ட பிரம்மசாரியும் அவருடன் உழைத்தோரும், பின்னர் அம்மணத்துக்குக் காரணமான பொருள் இன்னதென்று கண்டறிந்தனர். பாசுமதி அரிசி வேகும்போது எழும் மணத்துக்குக் காரணமான பொருளே அது! வேங்கையின் எல்லைக்கல்லும் நம் சமையலறையும் ஒரே மணம் உடையவை என்று யார் எண்ணியிருப்பர்?

ஆக, புலிக்கு வீடு என்பது சுவரும் கூரையும் அன்று; தன் மணம் தன் மூக்கில் படும் இடமே அதன் வீடு. வாடகை வீட்டின் வாயிலைத் தெளித்துக் கோலமிட்ட மறுகணமே அது நம் வீடாகிவிடுவதைப் போன்றது இது. (புலியோடு ஒப்பிட்டமைக்கு இல்லத்தரசியர் பொறுத்தருள்க.) இட்ட கோலத்தை ஒருவர் நாள்தோறும் வந்து அழித்தால் நமக்கு எப்படி இருக்கும்? காட்சிசாலைகளில் நெடுங்காலம் நடந்தது அதுதான். தூய்மை என்ற நல்லெண்ணத்தால் தரையும் சுவரும் மரத்தூரும் ஒன்று விடாமல் பினாயில் இட்டுக் கழுவினர். புலியும் சலியாமல் மீண்டும் மீண்டும் பீச்சியது. இரவுக் கூடத்தை நன்கு கழுவினாலும், திறந்தவெளியில் புலி குறியிட்ட மரங்களையும் பாறைகளையும் தொடாமல் விடுவதே தக்கது என்று இன்று விவரம் அறிந்தோர் கருதுகின்றனர். மூக்கைப் பிடித்துக்கொண்டு "சே, என்ன நாற்றம்!" என்று ஓடும் அன்பர்கள் இதனை நினைவில் கொள்ள வேண்டுகிறோம்.

நம் பெண்புலிக்கு வருவோம். ஒன்பதாம் நாள் அது முதன்முறையாக நடுவெளியைக் கடந்தது. இரண்டாம் வாரம் குளத்தில் இறங்கியது. அதுவும் பின்னங்கால்களை முதலில் விட்டு, நம் பாட்டிமார் குளத்துப் படியில் இறங்குவதைப் போல. புலிகள் பல இவ்வாறே பின்புறமாக நீரில் இறங்குகின்றன. ஒருநாள் புல்லைக் கடித்து மென்றது. புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்ற பழமொழியைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது சிறிது அதிர்ச்சிதான். பசிக்காகத் தின்பதில்லை, வயிற்றில் சேர்ந்த மயிர் முதலியவற்றைக் கழிக்கவே தின்கிறது என்று கூறுவர். பழமொழிக்குப் பழுதில்லை என்று தேறினோம். ஐந்தாம் வாரம் மதிய நேரத்தில் புதரின் நிழலில் பக்கவாட்டில் சாய்ந்து, கால்களை நீட்டி உறங்கியது. வேலிக்கு இப்பால் ஒரு பள்ளிக்கூடமே நின்று கூவியது. ஒரு செவி மட்டும் எங்கள் பக்கம் திரும்பி, பின் தன் இடத்திற்குப் போயிற்று. அவ்வளவே.

மாலையில் காப்பாளர் வந்தபோது மட்டும் எழுந்து, மூக்கின் வழியே விட்டுவிட்டு மூச்சை ஊதுவது போன்ற மெல்லிய ஒலி ஒன்றை எழுப்பியது. பூனையைப் போல் புலி இடைவிடாது குறுகுறுப்பதில்லை. நட்பை இவ்வாறுதான் காட்டும். அவரும் உதட்டைக் குவித்து அதே ஒலியில் விடை கூறினார்.

இவ்வளவும் கூறியதைக் கொண்டு, காட்சிசாலை வாழ்வு புலிக்கு இன்பமயமானது என்று நாம் சாதிப்பதாக எவரும் கொள்ள வேண்டா. கணக்கு நம் முன் நிற்கிறது. இரை மிகுந்த இந்தியக் காட்டில் ஒரு பெண்புலி ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தன் எல்லையாகக் கொள்ளும். ஆண்புலிக்கு அதைப்போல் பன்மடங்கு. ஆணையத்தின் விதிப்படி ஓர் இணைப் புலிகளுக்குத் தர வேண்டிய திறந்தவெளி குறைந்தது 1000 சதுர மீட்டர். அஃதாவது, காட்டில் ஒரு பெண்புலிக்குக் கிடைப்பதில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. சில காட்சிசாலைகள் இதைவிடப் பன்மடங்கு தருகின்றன என்பது உண்மை. பன்மடங்கு தந்தாலும் கணக்கு நேராகிவிடாது.

சுவிட்சர்லாந்தில் பெர்ன், பாசல், சூரிக் நகரங்களின் காட்சிசாலைகளை நடத்திய ஹைனி ஹெடிகர் என்னும் அறிஞர், சென்ற நூற்றாண்டின் நடுவில் இதற்கு ஒரு விடை கூறினார். நன்கு அமைந்த இடத்தில் வாழும் விலங்கு தன்னைக் கைதியாகக் கருதுவதில்லை. அவ்விடத்தின் உரிமையாளனாகவே கருதுகிறது. ஆகவே பரப்பைவிட அதன் அமைப்பே முக்கியம் என்றார். இதில் பெரிய உண்மை இருக்கிறது. வேப்பமரத்தடியில் நாம் கண்டதும் அதுவே. ஆயினும் 2003ஆம் ஆண்டு ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் என்னும் இருவர் பல காட்சிசாலைகளில் உள்ள ஊனுண்ணிகளை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு மற்றொரு பக்கத்தைக் காட்டியது. காட்டில் விரிந்த எல்லையில் திரியும் இனம் எதுவோ, அதுவே கூண்டில் மிகுதியாக ஓய்வின்றி நடைபோடுகிறது. அதன் குட்டிகளே மிகுதியாக மடிகின்றன என்று கண்டனர். பனிக்கரடி அவற்றுள் மிகவும் அல்லற்படுவது. எல்லா விலங்கும் அமைப்பு ஒன்றினால் நிறைவடைவதில்லை என்றே நாம் இதிலிருந்து கொள்கிறோம்.

புலி நடைபோடுவதைப் பார்த்து, "எவ்வளவு சுறுசுறுப்பு!" என்று வியப்போர் உண்டு. எல்லா நடையும் ஒன்றல்ல என்பதை அவர்கள் அறிய வேண்டும். எல்லையைச் சுற்றிவரும் புலி நின்று முகரும், பாதையை மாற்றும், ஓரிடத்தில் உட்காரும். துன்புற்ற புலியின் நடை வேறு. அதே பத்து அடி. அதே இடத்தில் திரும்பல். திரும்பும்போது தலையை அதே விதமாக வீசுதல். கண்கள் எதையும் நோக்காமை. தரையில் பாதை தேய்ந்து புல்லற்றுக் கிடப்பதைக் கொண்டே எவ்வளவு காலமாக நடக்கிறது என்று கூறிவிடலாம். இரை இடும் வேளைக்குச் சற்றுமுன் சிறிது நேரம் அவ்வாறு நடந்தால் பெரிதாகக் கருத வேண்டுவதில்லை. நாள் முழுதும் நடந்தால், அப்புலி இன்னும் குடிபுகவில்லை. எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும் சரி. முன்னே வந்து நின்று நம் கண்ணுக்கு விருந்தளிப்பது பெரும்பாலும் இத்தகைய புலியே என்பதைக் கொல்கத்தா அன்பர் எண்ணிப் பார்ப்பாராக.

இரும்புக் கம்பிகளை நீக்கி, அகழியை இடையில் வைத்து, விலங்கைத் திறந்தவெளியில் காட்டும் முறையைப் பரப்பியவர் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக் கார்ல் ஹாகன்பெக். 1907ஆம் ஆண்டு அவர் திறந்த காட்சிசாலையைப் பின்பற்றியே உலகெங்கும் பிற எழுந்தன. புராண கிலாவின் அருகே 1959ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற தில்லிக் காட்சிசாலையின் அமைப்பிலும் அக்குடும்பத்தினரின் கை உண்டு. கம்பி இல்லாமையால் புலி நம்மிடையே உலவுவது போன்ற மயக்கம் நமக்கு உண்டாகிறது. புலிக்கு அம்மயக்கம் இல்லை. அகழிக்கு உட்பட்டது தன் வீடு என்பதில் அதற்குத் தெளிவு உண்டு. 2014ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் அங்கே வெள்ளைப்புலியின் அடைப்புக்குள் இளைஞர் ஒருவர் விழுந்து உயிரிழந்த துயரம் பலருக்கு நினைவிருக்கும். புலி உடனே பாயவில்லை என்றும், சில நிமிடங்கள் அவரை நோக்கியபடியே நின்றது என்றும், மேலே இருந்தோர் கூச்சலிட்டுக் கல்லெறிந்தனர் என்றும் நேரில் கண்டோர் கூறினர். உதவும் நோக்கத்துடனேயே எறிந்திருப்பர். இருப்பினும், நம் வீட்டிற்குள் ஒருவர் விழுந்து, அதே சமயம் நாற்புறமும் கல்லும் வந்து விழுந்தால் நாம் என்ன நினைப்போம் என்பதை அந்நேரத்தில் எண்ணிப் பார்க்க யாருக்கும் இயலவில்லை.

வெள்ளைப்புலி என்றதும் ஒன்று கூறித்தான் ஆக வேண்டும். நந்தன்கானன் செல்வோர் பலரும் முதலில் கேட்பது அதைத்தான். 1951ஆம் ஆண்டு ரேவா மன்னர் மார்த்தாண்ட சிங் பிடித்த மோகன் என்னும் வெள்ளைக் குட்டியிலிருந்து ஒரு வமிசம் பெருகிற்று. அதன் மகளோடே அதை இணைசேர்த்து 1958ஆம் ஆண்டு வெள்ளைக் குட்டிகளைப் பெற்றனர். நந்தன்கானனில் 1980ஆம் ஆண்டு சாதாரண நிறமுள்ள பெற்றோருக்கே வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. அங்கும் இணைந்தவை தந்தையும் மகளுமே. வெண்ணிறம் தனி இனம் அன்று. ஒரே ஒரு மரபணுவில் நேர்ந்த சிறு மாற்றம் என்று 2013ஆம் ஆண்டு ஆய்வாளர் நிறுவினர். மாறுகண் அந்நிறத்தோடு ஒட்டிப் பிறப்பது. நெருங்கிய உறவில் இணைசேர்ப்பதால் விளையும் பிற குறைகள் அதன்மேல் சேர்கின்றன. நாம் வெள்ளையையே கேட்கும்வரை அது தொடரும். மஞ்சள் புலியின்முன் சிறிது நேரம் கூடுதலாக நிற்கலாமே!

நிற்பது எப்படி என்றும் நேயர்கள் கேட்கக்கூடும். காட்சிசாலை திறந்தவுடன், வெயில் ஏறுமுன் செல்க. எல்லா விலங்கையும் ஒரே நாளில் பார்த்துத் தீர்க்கும் எண்ணத்தை விடுக. புலியின்முன் அரைமணி நேரமாவது பேசாமல் நின்று, செவியையும் வால் நுனியையும் கவனிக்கப் பிள்ளைகளுக்குப் பழக்குக. செவிகள் முன்னோக்கி, வால் தளர்ந்திருந்தால் அமைதி. செவிகள் பின்னே மடிந்து, வால் பக்கவாட்டில் வெடுக்கென்று அடித்தால் சினம். மரப்பட்டையில் நகக்கீறல் இருக்கிறதா, நிழல் தரும் புதர் இருக்கிறதா, நம் கண்ணில் படாமல் ஒதுங்க ஓரிடமாவது உண்டா என்று பாருங்கள். இவை இல்லையெனில் பார்வையாளர் ஏட்டில் எழுதிவிட்டு வாருங்கள். புலி தெரியவில்லை என்று அதில் பக்கம் பக்கமாக எழுதுவோர் பலர். புலிக்கு ஒதுங்க இடமில்லை என்று எழுதுவோரை நாம் கண்டதில்லை.

நந்தன்கானனைப் பற்றிய ஒரு வரலாற்றை இறுதியில் கூறலாம் என்று வைத்திருந்தோம். அக்காட்சிசாலை சந்தகா காட்டை ஒட்டி, காஞ்சியா ஏரிக்கரையில் 1960ஆம் ஆண்டு அமைந்தது. 1967ஆம் ஆண்டு ஜனவரியில் காட்டுப்புலி ஒன்று அங்கே வந்தது. பெண்புலி. உள்ளே பிரதீப் என்னும் ஆண்புலி இருந்தது. எவரும் பிடிக்கவில்லை, பொறி வைக்கவில்லை; அது தானே அடைப்புக்குள் குதித்தது. குதித்தது வெளியேறவும் இல்லை. கானன் என்று பெயரிட்டனர். 1978ஆம் ஆண்டு இறக்கும்வரை அது அங்கேயே வாழ்ந்தது. காட்டை அறிந்த புலி கூண்டைத் தேர்ந்துகொண்டது என்று இச்செய்தியை மகிழ்ச்சியோடு எடுத்துக் கூறுவோர் உண்டு. அந்நாளில் அக்காட்டில் அதற்குத் துணை எத்தனை எஞ்சியிருந்தன என்று அவர்கள் கேட்பதில்லை.

46 ஆண்டுகள் கழித்து, 2013ஆம் ஆண்டுக் கோடையில், மீண்டும் ஒரு காட்டுப்புலி நந்தன்கானனைச் சுற்றித் திரிந்தது. இம்முறை ஆண்புலி. உள்ளிருந்த பெண்புலிகளின் வாசனையும் குரலும் அதை ஈர்த்தன என்பர். இரவொன்றில் அதுவும் அடைப்புக்குள் புகுந்தது. நந்தன் என்ற பெயரும் வந்தது. கதை திரும்பிவிட்டது என்று எல்லோரும் எண்ணினர். ஏறத்தாழ ஒரு மாதம் உள்ளே இருந்து, இட்ட இறைச்சியை உண்டு, ஓர் இரவு மதிலேறித் தாண்டி மீண்டும் காட்டுக்குள் போயிற்று.